மொடலில் இல்லாத தூண்

சில வாரங்களுக்கு முன் கொழும்பிலிருந்து ஒருத்தி அழைத்தாள். முன்பு எனக்குக் கீழே வேலை பழகியவள். இப்போது பெரிய கட்டட நிறுவனமொன்றில் ஒப்பந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள்.

"அக்கா, எங்கடை புது ஒப்பந்தத்திலை கணினி மொடலுக்கு எண்டு தனியா ஒரு பிரிவு போடச் சொல்லியிருக்கினம். எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் அதிலை ஒரு வசனம் கிடக்கு. 'மொடல் தகவலுக்கு மாத்திரம், கையொப்பமிட்ட வரைபடமே செல்லும்.' உது உங்கடை பழைய கந்தோரிலை எழுதினது எண்டு கதைக்கினம். மெய்யோ?"

மெய்தான் என்றேன். அந்த வசனம் எழுதப்பட்டபோது நான் அதே அறையில் இருந்தேன். அது என்ன செய்தது என்பதையும் பார்த்தேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள், இங்கே புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கலாம் என்றாள். ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதும் முதல் விஷயம் இது. சந்தோஷமான விஷயம் இல்லை.

நான் கணிய அளவையாளர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு கொங்கிறீற் என்று கணக்கிடுவதும், வேலை ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் என் தொழில். தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, இடையில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து படிப்பை முடித்தேன். முதல் வேலை காங்கேசன்துறைப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட காணிகளில் இடிந்து கிடந்த வீடுகளை அளப்பது. கூரையில்லாத வீடுகளுக்குள் பற்றை நிற்கும். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து "இதுதான் பிள்ளை சாமியறை" என்பார்கள். சாமியறை என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. அறை என்று எழுதிவிட்டு அடுத்த சுவருக்குப் போவேன்.

அதன் பிறகு பேரின்பநாதன் சேரின் கந்தோரில், பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில், சேர்ந்தேன். அவர் அரசாங்கத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, யாழ்ப்பாண நகரில் சொந்தமாகக் கந்தோர் தொடங்கியவர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை அவர் போட்டு நான் கண்டதில்லை. ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்தால் அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். ஒவ்வொரு பிரிவு முடியவும் நிறுத்தி, "உதை ஒரு மேசனுக்கு எப்பிடிச் சொல்லுவீர்?" என்று கேட்பார். சொல்லத் தடுமாறினால் அந்தப் பிரிவில் பிழை இருக்கிறது என்று வெட்டிவிடுவார். 'இயன்றவரை', 'ஏற்றவாறு' போன்ற சொற்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

கீரிமலையில் யாத்திரிகர் தங்க ஒரு மடம் கட்டினோம். கடல் பக்கச் சுவரில் ஒப்பந்தகாரர் தன் எண்ணத்துக்கு ஒரு யன்னல் வைத்துவிட்டார். நல்ல யன்னல். அதில் நின்றால் காற்று அள்ளிக்கொண்டு வரும். மடத்துக்காரருக்கும் விருப்பம். சேர் வந்தார், பார்த்தார், அடைக்கச் சொன்னார்.

"காத்து நல்லா வருது சேர்" என்றார் ஒப்பந்தகாரர்.

"வருது. நான் கீறின படத்திலை அது வரேல்லை" என்றார் சேர்.

பிறகு அவரே முறைப்படி படத்தைத் திருத்தி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அனுப்பினார். அதன் பின் அடைத்த யன்னலை மறுபடி உடைத்துத் திறந்தார்கள். எல்லாரும் அவரைப் பைத்தியம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதுவரை அவர் பெயர் உள்ள கட்டடங்களில் ஒரு வெடிப்பும் வந்ததில்லை.

மொடல் எங்களிடம் வந்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விடுதியோடுதான். பல்கலைக்கழக மாணவர் தங்குவதற்கென்று கனடாவில் இருந்த ஒருவர் கட்டிய மாடிக் கட்டடம். வடிவமைத்த கட்டடக் கலைஞர் கொழும்பில். தூண், தூண்களின் மேல் கிடையாகப் போகும் வளை, கம்பி எல்லாவற்றையும் கணித்தது நாங்கள். உரிமையாளர் கனடாவில் இருந்தபடியே ஒவ்வொரு நாளும் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அதனால் எல்லாவற்றையும் கணினியில் முப்பரிமாண மொடலாகச் செய்து, இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, எல்லாத் தரப்பும் அதையே திறந்து பார்ப்பதென்று முடிவானது. கட்டடக் கலைஞர் தன் பங்கைக் கீறுவார், நாங்கள் எங்கள் பங்கைக் கீறுவோம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து திரையில் ஒரே கட்டடமாகத் தெரியும்.

சேருக்கு அது பிடிக்கவில்லை. "ஆர் மாத்தினது, எப்ப மாத்தினது, ஆர் கையெழுத்து? ஒண்டும் இல்லை" என்றார். அந்தப் பயத்தில்தான் அந்த வசனம் பிறந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மொடல் தகவலுக்கு மாத்திரம். கையொப்பமிட்ட வரைபடமே செல்லும். பொறியியலாளரின் கட்டளை எழுத்தில் இருந்தால் மட்டுமே கட்டளை. மொடலில் சந்தேகம் ஏதும் இருந்தால் மொடலிலேயே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்த வசனங்களை மேசனுக்கு எப்படிச் சொல்வாய் என்று அன்று அவர் என்னைக் கேட்கவில்லை.

விடுதியைக் கட்டிய ஒப்பந்தகாரர் கொங்கிறீற் வேலையைக் கூலிக்கு அன்ரனிடம் கொடுத்திருந்தார். அன்ரன் குருநகரைச் சேர்ந்தவர். கடலுக்குப் போகும் குடும்பம். இவர் மட்டும் சின்ன வயதிலேயே கம்பி கட்டப் பழகி, தம்பியையும் சொந்தக்காரப் பொடியன்களையும் சேர்த்து ஒரு குழுவை வைத்திருந்தார். அதிகம் கதைக்க மாட்டார். ஒரு வேலை விளங்காவிட்டால் விளங்கும் வரைக்கும் கேட்பார். அவருக்கும் ஒப்பந்தகாரர் ஒரு டெப்லெட் கொடுத்து, மொடலைத் திறக்கக் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கணக்கில் மொடலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கத்தான் முடியும். ஒரு எழுத்தும் எழுத முடியாது. எழுதும் கணக்குகளுக்குக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்று அவற்றைக் கந்தோர்க்காரருக்கு மட்டும் எடுத்திருந்தார்கள்.

நிலத்தளத்தில் வாகனம் நிறுத்த இடம் விட்டிருந்தோம். அதன் வாசல் பக்கம் ஒரு தூண். கார் திருப்ப அது இடைஞ்சல் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். கட்டடக் கலைஞரின் கந்தோரில் யாரோ அதைத் தங்கள் பங்கிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் கேட்கவில்லை. எங்கள் பங்கில் தூண் அப்படியே இருந்தது. ஆனால் இரண்டு பங்கையும் சேர்த்துக் காட்டும்போது ஒரே தூண் இரண்டு தரம் தெரியாமலிருக்க, எங்கள் தூண்களை மறைத்து அவர்களுடையதை மட்டும் காட்டும்படி வைத்திருந்தார்கள். ஆகவே திரையில் தூண் இல்லை. இதெல்லாம் பின்னால் தெரிய வந்தது.

அன்று நான் மாதாந்த அளவுக்குப் போயிருந்தேன். சேரும் வந்திருந்தார். திருத்திய வரைபடங்கள் கொழும்பிலிருந்து வரப் பிந்தியிருந்தன. ஒப்பந்தகாரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அன்ரன் ஒரு கையில் பழைய படமும் மறு கையில் டெப்லெட்டுமாக எங்களிடம் வந்தார். அவருடைய குழு மேலே பலகையடித்துக்கொண்டிருந்தது. கீழே நாங்கள் மூன்று பேர்தான்.

"சேர், இந்தத் தூண் படத்திலை கிடக்கு. இதிலை இல்லை. எதைப் பாத்துச் செய்ய?"

சேர் டெப்லெட்டை வாங்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். திரையில் விடுதி கட்டி முடிந்து வெயிலில் நின்றது. முற்றத்தில் மரம் நட்டிருந்தது. தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது. மேல் மூலையில், கடைசித் திருத்தம் ஏற்கப்பட்டது என்று பச்சை அடையாளம்.

"உது எங்கடை ஆக்கள் பாத்து ஏத்தினதாத்தான் இருக்கும்" என்றார் சேர். "ஓம், உதுதான் கடைசி. உதைப் பாத்துச் செய்யும்."

"அப்ப தூண் வேண்டாமோ சேர்?"

"உதிலை இல்லைத்தானே."

டெப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாகனத்துக்குப் போனார். ஒரு யன்னலை அடைக்க வைத்து, படத்தைத் திருத்திய பிறகே திறக்கவிட்ட மனிதர் அவர். காகிதத்தில் என்றால் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்திருப்பார். திரையில் முடிந்துபோன கட்டடத்தைக் காட்டியதும், அதை யாரோ ஏற்கெனவே சரிபார்த்துவிட்டார்கள் என்று நம்பிவிட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்கக் கூடும். எனக்குத் தூண் கணிக்கத் தெரியாது.

தூண் இல்லாமல் வளையும் மேல்தட்டும் போட்டார்கள். கொங்கிறீற் இறுகும் காலம் முடிந்து கீழே நின்ற இரும்பு முட்டுகளைக் கழற்றிய நாளில், வளை நடுவில் இறங்குவதை அன்ரன் கண்டார். எல்லாரையும் வெளியே ஓடச் சொன்னார். தான் மட்டும் ஒரு முட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்ப அதை நிறுத்திவிட்டால் வளை தாங்கும் என்று நினைத்திருக்க வேண்டும். தம்பி மரியதாஸ் பின்னால் போகப் பார்த்திருக்கிறார். "வராதை!" என்று கத்தினாராம். அதுதான் கடைசி. வளையும் தட்டும் ஒன்றாக வந்தன.

நான் போனபோது விடுதிக்கு முன்னால் பலாலி வீதியில் பஸ்கள் நின்றுவிட்டன. அவ்வளவு சனம். இராணுவத்தின் இயந்திரத்தைக் கொண்டுவந்துதான் தட்டைத் தூக்கினார்கள். அன்ரனின் கை அந்த முட்டில்தான் இருந்தது. அவருடைய மனைவி பிலோமினாவை யாரோ முச்சக்கரவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அழவில்லை. "ஆர் அவரை உள்ளை விட்டது?" என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் கந்தோரில் மொடலைத் திறந்தேன். தூண் இருந்தது. யாரோ திரும்ப வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் மொடல் திறக்கவில்லை. கணக்கு கட்டடக் கலைஞரின் பெயரில் இருந்ததால் அவருடைய சட்டத்தரணி சொல்லி எல்லாருக்கும் மூடிவிட்டார்கள். மொடல் யாருக்குச் சொந்தம், தகராறு வந்தால் யார் அதைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. கட்டடத்தைப் பற்றி அத்தனையும் எழுதியிருந்தோம். அதை யாரும் யோசிக்கவில்லை.

மரண விசாரணையில், தட்டு விழும்போது அங்கே நின்றவர்களை மட்டும் கேட்டார்கள். நான் அன்று நிற்கவில்லை. பிறகு உரிமையாளர், கட்டடக் கலைஞர், எங்கள் கந்தோர், ஒப்பந்தகாரர் என்று நான்கு தரப்பும் பழியை ஒருவர் மேல் ஒருவர் போட்டு, கடைசியில் ஒப்பந்தத்தில் சொன்னபடி, நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர்களிடம் நடுத்தீர்ப்புக்குப் போனார்கள். நகரத்து ஹோட்டல் ஒன்றில், மூடிய அறையில் விசாரணை. பிலோமினா ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை என்று அவரை உள்ளே விடவில்லை. மரியதாஸோடு கீழே வரவேற்பறையில் இருந்தார். அதற்குள் அன்ரனின் குழுவுக்கு யாரும் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். படம் பார்க்கத் தெரியாத கூட்டம் என்று ஊரெல்லாம் கதை.

உள்ளே நான்கு சட்டத்தரணிகளும் எல்லாவற்றிலும் சண்டை பிடித்தார்கள். பழி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். மொடல் ஒப்பந்த ஆவணம் இல்லை என்று மூன்று தரப்பு சொன்னது. ஒப்பந்தகாரரின் சட்டத்தரணி, பொறியியலாளர்தான் மொடலைப் பார்த்துக் கட்டச் சொன்னார் என்றார். அது எடுபடாவிட்டால், படத்தை விட்டுக் கட்டியது கூலிக்கு எடுத்த அன்ரனின் பிழை என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். எந்தப் பக்கத்தால் சுற்றிப் போனாலும் கடைசியில் அன்ரனில் வந்து முடியும்படி இருந்தது.

அன்ரன் கேட்டதையும் சேர் சொன்னதையும் கேட்ட மூன்றாவது ஆள் நான்தான். ஒப்பந்தகாரரின் தரப்பு என்னைச் சாட்சியாக அழைத்தது. சாட்சி சொல்வதற்கு முதல் நாள் சேர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உம்மைக் கேப்பினம்."

"ஓம் சேர்."

"நான் அண்டைக்கு என்ன சொன்னனான் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"உதுதான் கடைசி, உதைப் பாத்துச் செய்யும் எண்டு சொன்னனீங்கள்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது விளக்கம். அவன் கேட்டான், நான் விளக்கினனான். கட்டளை எண்டால் எழுத்திலை வரவேணும். உமக்குத் தெரியாததே?"

"எனக்குத் தெரியும் சேர். அன்ரனுக்கு உங்கடை வாயாலை வந்தது கட்டளைதான்."

"நீர் சட்டம் கதைக்கிறீரோ, நியாயம் கதைக்கிறீரோ?"

"நடந்ததைக் கதைக்கிறன் சேர்."

சேர் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே படவரைஞர்கள் சாப்பாட்டுக்கு எழும்பும் சத்தம் கேட்டது. "உதுகள் எல்லாம் இந்தக் கந்தோரை நம்பி வந்ததுகள்" என்றார். பிறகு, "நீர் பொய் சொல்லவேண்டாம், பிள்ளை. நான் ஒருநாளும் உம்மைப் பொய் சொல்லச் சொல்லமாட்டன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். கேளாததுக்குச் சொல்லாதையும்."

அன்று இரவு என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உம்மடை வேலை போனால் சமாளிப்பம். மற்றதைச் சமாளிப்பீரோ?"

மறுநாள் ஒப்பந்தகாரரின் சட்டத்தரணி கேட்க, நடந்ததைச் சொன்னேன். சேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் கந்தோரின் சட்டத்தரணி எழும்பினார். அந்தச் சொற்கள் எழுத்தில் இருந்தனவா? இல்லை. அன்று செல்லுபடியான கையொப்பமிட்ட படத்தில் தூண் இருந்ததா? இருந்தது. அந்தப் படம் இறந்தவரின் கையில் இருந்ததா? இருந்தது. "மொடலில் சந்தேகம் இருந்தால் அதை மொடலிலேயே எழுப்ப வழி இருந்தது, அல்லவா?"

"எங்களுக்கு இருந்தது. அவருக்கு இருக்கவில்லை" என்றேன். "அவருடைய கணக்கில் பார்க்க மட்டும்தான் முடியும். எழுத முடியாது. அதனால்தான் வாயால் கேட்டார். கேட்க வேண்டியவரிடமே கேட்டார்."

சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார். சேர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் ஒரு எண் பிழைத்திருப்பதைக் கண்டால் பார்க்கும் பார்வை. இதெல்லாம் அந்த அறைக்கு வெளியே போகக் கூடாது என்று நினைவூட்டித்தான் எங்களை அனுப்பினார்கள்.

தீர்ப்பு வர மாதங்கள் சென்றன. சாட்சி உண்மை பேசினார் என்று ஏற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் எழுத்தில் இல்லாத அந்த வார்த்தை ஒப்பந்தப்படி கட்டளை ஆகாது. மொடல் தகவலுக்கு மாத்திரம். கையொப்பமிட்ட படத்தை விட்டு விலகிக் கட்டியது கூலி வேலைத் தரப்பு. எங்கள் வசனம் அப்படியே மேற்கோளாக நடுவில் இருந்தது.

"வெண்டிட்டம்" என்றார் சேர், தீர்ப்பை என்னிடம் நீட்டிக்கொண்டு. அதன் பிறகு அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடவில்லை. பலாலி வீதியால் போக வேண்டி வந்தால் சாரதியிடம் சுற்றிப் போகச் சொல்வார் என்று கேள்விப்பட்டேன். கந்தோருக்கு வேலை குறையவில்லை, கூடியது. மற்றக் கந்தோர்க்காரர் வந்து அந்த வசனத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். விடுதியைத் தூணோடு கட்டி முடித்தார்கள். சில மாதங்களில் நான் விலகி வேறு இடங்களில் வேலை பார்த்தேன். என் சேவைச் சான்றிதழைச் சேர் தன் கையால் எழுதித் தந்தார். ஒரு குறையும் சொல்லாத சான்றிதழ்.

தீர்ப்பு வந்த வாரமே நான் குருநகருக்குப் போனேன். பிலோமினாவின் வீடு கடலுக்குக் கிட்ட. முற்றத்தில் மரியதாஸும் அன்ரனின் குழுவில் இருந்த வேறு நாலைந்து ஆண்களும் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலை கிடைக்காததால் திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். முடிவை ஏற்கெனவே ஒப்பந்தகாரர் சொல்லி அனுப்பியிருந்தார். பிலோமினா எனக்குக் கதிரை போட்டார்.

"அவரிலைதான் பிழையாமே, அக்கா."

"அப்பிடித்தான் எழுதியிருக்கினம்."

"நீங்கள் அண்டைக்கு அதிலை நிண்டனீங்களாம். அவர் கேளாமல் செய்தவரோ?"

உள்ளே கதைத்ததை வெளியில் கதைக்கக் கூடாதென்ற எச்சரிக்கை நினைவில் இருந்தது. ஆனால் அன்ரன் கேட்டது அந்த அறைக்குள் இல்லை. வெயிலில், மண்ணில் நின்றுகொண்டு கேட்டார். அதை நான் கண்ணால் கண்டேன்.

"கேட்டவர். படத்திலை தூண் கிடக்கு, இதிலை இல்லை, எதைப் பாத்துச் செய்ய எண்டு கேட்டவர். எஞ்சினியர், டெப்லெட்டைப் பாத்துச் செய்யச் சொன்னவர். அப்ப தூண் வேண்டாமோ எண்டு அவர் திரும்பவும் கேட்டவர்."

"ரெண்டு தரம் கேட்டவரோ?"

"ரெண்டு தரம்."

பிலோமினா முற்றத்துப் பக்கம் திரும்பினார். ஆண்களின் கைகள் வலையில் நின்றுவிட்டிருந்தன. பக்கத்து வேலிக்கு அங்காலும் யாரோ எழும்பி நின்றார்கள்.

"அக்கா, கொஞ்சம் எழும்பி நிண்டு சொல்லுங்கோ" என்றார். "பலத்துச் சொல்லுங்கோ. உவைக்குக் கேக்கட்டும்."

நான் எழும்பி நின்று முதலிலிருந்து சொன்னேன்.